இடது பக்கத்து கார்டு

அடிச்சிக்கிட்டே இருக்கா. ஒரு பனங்காடைக்கு இதோட முப்பது படம். நம்ம ஊர்ல கரண்டு கம்பியில உக்காந்திருக்குமே, அதே பனங்காடைதான். இங்க கொஞ்சம் ஊதா கூடுதலா இருக்கு, வால்ல ரெண்டு நூல் தொங்குது, அவ்வளவுதான் வித்தியாசம். அதுக்கு இந்தப் பொண்ணு வினோதினி மெட்ராஸ்லேருந்து ப்ளேன் ஏறி கென்யா வந்து மூச்சைப் பிடிச்சிக்கிட்டு டிக் டிக் டிக்னு அடிக்கிறா. முப்பத்தொண்ணு, முப்பத்திரெண்டு. நான் எதுக்கு எண்ணுறேன். எண்ணக் கூடாதுன்னுதான் அந்தப் பக்கம் திரும்பிப் புல்லைப் பாக்குறேன், இந்த மசாய் மாரா காடு பூரா புல்லுதான், கண்ணுக்கு எட்டுற வரைக்கும் வைக்கோல் நிறத்துல கிடக்கு, ஆனா காது எண்ணுது. அவ கேமராவுக்குள்ள இருக்குற கார்டு நான் குடுத்தது. மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் என் கையால எடுத்து அவ கையில குடுத்தது. காலையில எங்க வீட்டுக்காரரு எடுத்த சிவிங்கிப்புலிப் படம் அத்தனையும் அந்தக் கார்டுலதான் இருந்துச்சு. அவ அதை அழிச்சுட்டுத்தான் எடுக்க ஆரம்பிச்சா. ஆனா அழிச்சாலும் உடனே போயிடாதாம், இவருதான் நூறு தடவை சொல்லியிருக்காரு, படம் உள்ளேயே கிடக்கும், புதுசா எடுக்குற படம் அது மேல வந்து உக்காரும்போதுதான் நெசமாவே போகும்னு. அப்ப ஒவ்வொரு டிக்குக்கும் சிவிங்கியில கொஞ்சம் போகுது. தெரியாம நடந்துபோச்சு. ஜீப்பு குலுங்குனதுல கார்டு இடம் மாறியிருக்கும். ஜீப்பு அப்ப நின்னுக்கிட்டுல்ல இருந்துச்சு. மரத்தடியில எஞ்சினை அணைச்சுப்போட்டு நின்னுக்கிட்டு இருந்துச்சு. சரி, நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு, அதுக்கு என்ன இப்போ. முப்பத்தேழு.

ஜீப்புல மூணு வரிசை. முன்னாடி டிரைவர் கிமானி, அவருக்குப் பின்னாடி இவரு ஒரு சன்னல், வினோதினி ஒரு சன்னல், நடுவுல ஒரு முழம் இடம், கடைசி வரிசையில நானும் பைகளும். கிமானி என்னை மாமாங்குறாரு. மொத நாளு எந்த மாமாவைக் கூப்பிடுறாருன்னு திரும்பிப் பாத்தேன், அப்புறம்தான் இவரு சொன்னாரு, அவங்க பாஷையில அம்மான்னு அர்த்தம், வயசுல பெரியவங்களுக்குக் குடுக்குற மரியாதைன்னு. அவளை மேடம்ங்குறாரு. எனக்கு அம்பத்தொண்ணு, அவளுக்கு முப்பத்தெட்டு, அவ்வளவுக்கா எம்மூஞ்சியில தெரியுது. அவ வீடு கட்டப் பிளான் போட்டுக் குடுக்குறவ, கல்யாணம் பண்ணிக்கல, தனியா எங்க வேணா போவா, தொப்பியும் கால்சட்டையுமா சீட்டு மேல ஏறி நிக்கிறா. இவரு திருச்சியில பல் டாக்டர், டாக்டர் சிதம்பரநாதன்னு போர்டு போட்டிருக்கும், ஞாயித்துக்கிழமையானா கேமராவைத் தூக்கிக்கிட்டுக் குளம் குளமாப் போயிடுவாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இவரு எடுத்த ஆந்தைப் படத்தை இன்டர்நெட்டுல பாத்துட்டு, 'டாக்டர், அந்த வெளிச்சத்துல எப்படி எடுத்தீங்க'ன்னு அவ ஒரு கேள்வி கேட்டா. அதுலேருந்து ஆரம்பிச்சது. தப்பா ஒண்ணும் கிடையாது. அவ போன்ல பேசுனா இவரு ஸ்பீக்கர்லதான் போடுவாரு, ஷட்டர் ஸ்பீடு, வெளிச்சம், காத்து எந்தப் பக்கம், இதுதான் பேச்சு. தப்பா இருந்தாக்கூட சண்டை போடலாம், தட்டைத் தூக்கி எறியலாம், எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்னு பெட்டியைக் கட்டலாம். ஷட்டர் ஸ்பீடுக்கு எப்படிச் சண்டை போடுறது. கென்யா போறதுன்னு ரெண்டு பேரும் பேசி எல்லாம் முடிவானப்புறம் நானும் வரேன்னேன். 'நீயா, உனக்குப் போரடிக்குமே மங்கை'ன்னாரு. அந்த 'நீயா'வுக்காகத்தான் வந்தேன்.

அவ லென்ஸு உக்காந்திருக்குற மூட்டை நான் தச்சது. இவரோட பழைய ஜீன்ஸைக் கிழிச்சு, ரெட்டைத் தையல் போட்டு, ஒரு ஓரத்துல ஜிப்பு வச்சு, காலியா மடிச்சு எடுத்துக்கிட்டு வந்து நைரோபி கடையில ராஜ்மா வாங்கி ரொப்புனது. சன்னல் கட்டையில போட்டு அது மேல லென்ஸை வச்சா ஆடாது. ரெண்டு தச்சேன், ஒண்ணு இவருக்கு, இன்னொண்ணு மொதலாவது கிழிஞ்சா மாத்துறதுக்கு. மொத நாளே 'நம்மகிட்டதான் ரெண்டு இருக்கே'ன்னு எடுத்து அவகிட்ட நீட்டிட்டாரு. 'செம தையல்க்கா'ன்னா. அக்காவாம். பொட்டலத்துல முட்டையும் வாழைப்பழமும்தான் தராங்கன்னு கேம்ப் சமையல்காரர்கிட்ட வெறும் சோறு கேட்டு வாங்கி, ஊர்லேருந்து கொண்டாந்த புளிக்காய்ச்சலைப் போட்டுக் கிளறி எடுத்துக்கிட்டு வந்தா, அதையும் அவ ரெண்டு தடவை போட்டுக்கிட்டு வழிச்சுச் சாப்பிட்டா. நமக்கு ஆகாதவங்க நம்ம சமையலை ருசிச்சுச் சாப்பிட்டா அது ஒரு தனி எரிச்சல். குறை சொன்னாலாவது மனசுக்குள்ள திட்டலாம். காலையில அந்தச் சிவிங்கியை மொதல்ல பாத்ததே நான்தான். 'ஏங்க, அங்க என்னமோ அசையுது பாருங்க'ன்னேன். கண்ணைக் கேமராவுல வச்சுக்கிட்டே 'புல்லு'ன்னாரு. ரெண்டு நிமிஷம் கழிச்சு அவ, 'டாக்டர், வலது பக்கம், கரையான் புத்து மேல'ன்னா. 'ஆமாம்மா, ஆமாம்மா, எப்படிம்மா பாத்தே'ன்னு இவரு குதிச்ச குதிப்புல ஜீப்பே ஆடிச்சு. தாய்ச் சிவிங்கி, கூட மூணு குட்டி. அது போயி ஒரு மான்குட்டியைக் கவ்விக்கிட்டு வந்து, கொல்லாம, உயிரோட குட்டிங்க நடுவுல விட்டுச்சு, பிடிச்சுப் பழகட்டும்னு. குட்டிங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியல. மான்குட்டிக்கும் ஓடத் தெரியல, அதுங்க நடுவுலயே காலை அகட்டிக்கிட்டு நின்னுச்சு, ஒரு சிவிங்கிக் குட்டி அது மூஞ்சியை மோந்து பாத்துச்சு. இதை எடுக்கணும்னு இவரு எட்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருந்தாரு. எடுத்து முடிச்சப்ப இவருக்குக் கண்ணுல தண்ணி. அவ ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு 'பாத்தியாம்மா, பாத்தியாம்மா'ன்னாரு. எங்கப்பா செத்தப்பக்கூட அழாத மனுஷன். அவ கையை விட்டுட்டு, பின்னாடி திரும்பாமலே, 'மங்கை, கார்டு'ன்னு கையை மட்டும் என் பக்கம் நீட்டுனாரு.

இருபத்தாறு வருஷமா அதே கை. கிளினிக்குல ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருப்பாரு, இவரு கண்ணை எடுக்காம கையை மட்டும் நீட்டுவாரு, 'மிரர்', 'பஞ்சு', 'சின்ன ஊசி'. நான் வைப்பேன். முகத்தைப் பாத்துக் கேக்கணும்னு இவருக்கும் தோணுனதில்ல, எனக்கும் ரொம்ப நாளு தோணல. பயன்படுத்துன சாமான் இடது தட்டுல, கவுத்து வைக்கணும். சுத்தமானது வலது தட்டுல, நிமித்தி வைக்கணும். ஒரு நாளும் மாறுனது கிடையாது, மாறுனா ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் வாய்க்குப் போயிடும். கேமரா வாங்குனப்ப கார்டுக்கும் அதையே வச்சுக்கிட்டோம். ஒரு கறுப்புப் பை, புஸ்தகம் மாதிரி விரியும், இடது பக்கம் நாலு அறை, வலது பக்கம் நாலு அறை. படம் எடுத்து முடிச்ச கார்டு இடது பக்கம், கவுத்து. காலிக் கார்டு வலது பக்கம், நிமித்தி. 'மங்கைகிட்ட குடுத்தா லாக்கர்ல வச்ச மாதிரி'ன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, நானும் பெருமையாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். லாக்கருக்கு யாரும் பூ வாங்கிக் குடுக்குறதில்லன்னு அப்ப உறைக்கல. வீட்டு ஹால்ல இருவது படம் மாட்டியிருக்கு, ஆந்தை, நாரை, நரி, ஒரு ஓணான்கூட இருக்கு. என்னை இவரு எடுத்த ஒரே படம் எக்ஸ்ரே. கடைவாய்ப் பல்லு வலிச்சப்ப எடுத்தது. 'வேரு ரொம்ப அழகா இருக்கு மங்கை'ன்னாரு, அதை நினைச்சு ரெண்டு நாளு சந்தோஷமா இருந்தேன், வெக்கக்கேடு. ஒரு தடவை முக்கொம்புல வாய் விட்டே கேட்டேன், என்னை ஒண்ணு எடுங்களேன்னு. 'இந்த லென்ஸுல கிட்ட நின்னா விழாது, இருவதடி தள்ளிப் போ'ன்னாரு. தள்ளிப் போயி முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டுத் திரும்புறதுக்குள்ள ஒரு மீன்கொத்தி வந்துடுச்சு. நான் இருவதடி தள்ளியேதான் நிக்கிறேன்.

கிமானி வண்டியை எடுத்துட்டாரு, பனங்காடை பறந்துடுச்சு, நல்லவேளை. அம்பத்தெட்டோட நின்னுச்சு. தூசி மூக்குல ஏறுது, ஒரு மாதிரி கசப்பும் சாணி வாசனையுமா. மத்தியானம் அந்த மரத்தடியில, நம்ம ஊரு குடைவேல மரம் மாதிரியேதான் இருந்துச்சு, அதைப் பாத்ததும் எனக்குக்கூடக் கொஞ்சம் மனசு லேசாச்சு. அங்க அவங்க ரெண்டு பேரும் கேமராத் திரையில காலையில எடுத்த படத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, தலையும் தலையும் இடிக்காத குறை. இவரு, 'படத்தைப் போட்டிக்கு அனுப்பும்போது உன் பேரையும் சேத்துப் போடணும்மா, நீ பாத்துச் சொன்னதாலதானே'ன்னாரு. நான் டப்பாவைக் கழுவிக்கிட்டு இருந்தேன். தண்ணி பாட்டில் கை தவறிக் கொஞ்சம் கொட்டிச்சு. அப்புறம் அவ சிவிங்கி இருந்த அந்தக் கார்டைக் கழட்டி என்கிட்டயே குடுத்தா, நான் இடது பக்கம் மூணாவது அறையில கவுத்து வச்சேன். அப்புறம்தான் அவ, 'டாக்டர், என் கார்டு எரர் காட்டுது, மிச்சமெல்லாம் கூடாரத்துல இருக்கு'ன்னா. 'மங்கை, நம்மகிட்டேருந்து காலி ஒண்ணு குடு'ன்னு இவரு கையை நீட்டுனாரு. பையை மடியில விரிச்சேன். இடது பக்கம் நாலு கவுந்து இருக்கு. வலது பக்கம் ரெண்டு நிமிந்து இருக்கு. வலது பக்கம்தான் போனேன், விரல் வலது பக்கம்தான் போச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. உன் பேரையும் சேத்துப் போடணும்மா. புல்லு. நீயா. விரல் வலது பக்கம் போயி, திரும்பி வந்து, மூணாவதை உருவி, கவுந்திருந்ததை நிமித்தி, அவ கையில வச்சுச்சு. விரலு பண்ணுச்சுன்னு சொல்லுறேன் பாரு, விரல் என்ன கடையில வாங்குனதா. புதுக் கார்டு போட்டா இவங்க ரெண்டு பேருக்குமே மொத வேலை ஃபார்மேட்டு, பூரா அழிக்கிறதுதான், உள்ள எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க, என் கை மேல அவ்வளவு நம்பிக்கை. சாப்பாட்டு நேரத்துல அவ சின்ன லென்ஸு மாட்டியிருந்தா, கார்டைப் போட்டு ரெண்டு பட்டனை அமுக்குனா, வேலை செய்யுதான்னு பாக்க என் பக்கம் திருப்பி ஒரு டிக். 'ஓகேக்கா, தேங்க்ஸ்க்கா'ன்னா. அவ அந்தப் பக்கம் திரும்புனதும் வலது பக்கத்துக் காலிக் கார்டு ஒண்ணை எடுத்துக் கவுத்து மூணாவது அறையில சொருகுனேன். இப்ப இடது நாலு, வலது ஒண்ணு, எல்லாம் சரியா இருக்கு. குலுங்குனதுல மாறுன கார்டு அவ்வளவு ஒழுங்கா மாறாது.

ஆத்தங்கரையில டீ. கிமானி பானெட்டு மேல துணி விரிச்சு ஃபிளாஸ்கை வைக்கிறாரு, தண்ணிக்குள்ள நீர்யானைங்க காதை மட்டும் ஆட்டிக்கிட்டுக் கிடக்குதுங்க, இதுங்களுக்கு என்ன கவலை. இவரு சிரிச்சிக்கிட்டே கிட்ட வராரு, கிமானிக்குக் காலையில எடுத்த படத்தைக் காட்டணுமாம், 'மங்கை, சிவிங்கி'ன்னு கையை நீட்டுறாரு. மூணாவது அறையிலேருந்து எடுத்து வைக்கிறேன். என் கை நடுங்கல. அதுதான் எனக்கே பயமா இருக்கு. போட்டுப் பாக்குறாரு. கழட்டித் துடைச்சு மறுபடி போடுறாரு. மத்த மூணு கார்டையும் வாங்கிப் போட்டுப் பாக்குறாரு, யானை இருக்கு, ஒட்டகச்சிவிங்கி இருக்கு, நேத்து கழுதைப்புலி இருக்கு. 'காலியா இருக்கு'ங்குறாரு. 'புதுக் கார்டு மாதிரி காலியா இருக்கு.' சத்தமே போடல, கத்துனாத்தான் தேவலையா இருக்கும். வினோதினி கிட்ட வந்து, 'டாக்டர், எனக்கு ஒரு கார்டு குடுத்தாங்களே, அதோட மாறியிருக்குமோ'ன்னு மெதுவாத்தான் கேட்டா. இவரு பட்டுன்னு திரும்புனாரு. 'மங்கை கை மாறாதும்மா. இருபத்தாறு வருஷத்துல ஒரு ஊசி மாறுனதில்ல. கார்டு செத்துப்போச்சு, அவ்வளவுதான்.' அவ மூஞ்சி செவந்துடுச்சு. என் பக்கம் பேசிட்டாரு. எனக்காக அவளை எடுத்தெறிஞ்சு பேசிட்டாரு. இதுக்குத்தானே ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருந்தேன், வந்துடுச்சு, ஒரு நிமிஷம் உள்ளங்கால் வரைக்கும் குளுந்துச்சு. அப்புறம் இவரு என் மருந்துப் பெட்டியைத் திறந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து, அந்தக் காலிக் கார்டை அதுல சுத்தி, சட்டைப் பையில வச்சுப் பட்டனைப் போட்டாரு. விளையாடப் போயி பல்லு விழுந்த பசங்களைத் தூக்கிக்கிட்டு வருவாங்க, அப்ப இவரு சொல்லுவாரு, விழுந்த பல்லைப் பால்ல போட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டாங்க, மறுபடி ஒட்டிடும், நேரம்தான் முக்கியம்னு. இப்பவும் அதேதான் சொல்லுறாரு, 'இதுல இனிமே எதுவும் எழுதாம வச்சிருந்தா ஊர்ல குடுத்து எடுத்துடலாம் மங்கை, உள்ள இருக்கும், எங்க போயிடும்.' அதுக்குள்ள ஒண்ணும் கிடையாதுங்க. நீங்க பொத்திப் பொத்தி வைக்கிறது வேற பல்லு. இவரு தப்பான பல்லைப் பஞ்சுல சுத்தி நெஞ்சுல வச்சிருக்காரு, நெசப் பல்லு அந்தா கேமராவுக்குள்ள அவ கழுத்துல தொங்குது.

சொல்லிடலாம். இப்பவே சொன்னா அம்பத்தெட்டு படம்தான் மேல விழுந்திருக்கும், இல்ல, அதுக்கு முன்னாடி வரிக்குதிரைக்கு எடுத்தா, எல்லாம் சேந்து நூறு இருக்கும். சொன்னா என்ன ஆகும். அடிக்க மாட்டாரு, கையை ஓங்குனதே கிடையாது. பேசாமலும் இருக்க மாட்டாரு. கிளினிக்குல ஒரு நர்ஸை வச்சிடுவாரு. கையை நீட்டும்போது என் கை இருக்காது, வேற கை இருக்கும். எனக்குன்னு இவருகிட்ட இருக்குறது அந்த நீட்டுன கை ஒண்ணுதான், அதுல வைக்கிறதுதான் என் வேலை, அதையும் விட்டுட்டு நான் எங்க போயி நிப்பேன். மகன் பெங்களூர்ல இருக்கான், 'அம்மா நீ ஜாலியா இரும்மா'ம்பான், அவனுக்கு அது போதும். சொல்ல மாட்டேன். கார்டுங்க சாகுறதுதான். உலகத்துல எத்தனை கார்டு சாகுது. ஜீப்பு போகுது, வெயில் சாஞ்சு புல்லு மேல மஞ்சளா படுது, இவரு தலையைச் சன்னல் கம்பியில சாச்சுக்கிட்டுச் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. எட்டு வருஷம். காலையில நான் பாத்தேன் அந்த மான்குட்டியை, அது காது ரெண்டும் வெயில்ல செவப்பாத் தெரிஞ்சுச்சு. அதை இவருகிட்ட சொல்லணும்னு இருந்தேன், யாரும் கேக்கல. வினோதினி முன்னாடி குனிஞ்சு உக்காந்து எடுத்த படத்தையெல்லாம் பின்னாடியிலிருந்து முன்னாடி தள்ளிக்கிட்டு இருக்கா. பனங்காடை போகுது, வரிக்குதிரை போகுது. ஒரு படத்துல நின்னுட்டா. ரொம்ப நேரம் அதையே பாக்குறா. எந்தப் படம்னு எனக்குத் தெரியல, அவ தொப்பி மறைக்குது. அப்புறம் கேமராவை அணைச்சு மடியில வச்சுக்கிட்டா.

சிங்கம் வந்துடுச்சு. ரெண்டு ஆண் சிங்கம், அண்ணன் தம்பியாம், பிடரியைக் காத்துல விட்டுக்கிட்டுப் பாதையோட நடந்து ஜீப்புக்கு நேராவே வருதுங்க, பின்னாடி வெயிலு. இப்படி வெளிச்சம் பத்து வருஷத்துல ஒரு தடவைதான் கிடைக்கும்னு கிமானி கிசுகிசுக்குறாரு. இவரு சோகத்தையும் மீறிக் கேமராவை எடுத்துட்டாரு, பழகுன கை. ஆனா அந்தப் பக்கத்து டிக் டிக் கேக்கல. நான் தச்ச மூட்டை மேல லென்ஸு படுத்தே கிடக்கு. இவரு கண்ணை எடுக்காம, 'அடிம்மா, என்னம்மா பண்றே'ங்குறாரு. 'போதும் டாக்டர். கண்ணால பாக்குறேன்'ங்குறா. பாக்கவும் இல்ல, பாதி உடம்பைத் திருப்பி என் பக்கம் வரா, கேமராவை மறுபடி ஆன் பண்ணி என் கையில குடுக்குறா, இவருக்குக் கேக்காத குரல்ல பேசுறா. 'அக்கா, மத்தியானம் கார்டு வேலை செய்யுதான்னு பாக்க உங்களை ஒண்ணு எடுத்தேன். அதுதான் மொதப் படம். நூத்திப் பன்னெண்டோட நிறுத்திட்டேன், இதுக்கு மேல எடுக்கல.' திரையில ஒரு பொம்பளை. புதருக்குள்ளேருந்து பாக்குற எதோட கண்ணு இது. கழுத்தை முன்னாடி நீட்டி, வாயை இறுக்கி, இமைக்காம, கொண்டாந்து போட்டதை இன்னொண்ணு தின்னுடுமோன்னு பாக்குற பார்வை. நான்தான். என் மூஞ்சி இப்படியா இருக்கு. ரெண்டு வருஷமா சமையல்கட்டுல, கிளினிக்குல, ஸ்பீக்கர் போன் பக்கத்துல இந்த மூஞ்சியோடதான் நின்னேனா. கீழ மடியில பை விரிஞ்சு கிடக்கு. இடது பக்கம் மூணு கார்டு கவுந்து இருக்கு, மூணாவது அறை காலி. வலது பக்கம் ரெண்டு நிமிந்து இருக்கு, தொடவே இல்ல. பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியும். 'கார்டு மாறுனது என்னாலதான்னு நான் டாக்டர்கிட்ட சொல்லிடுறேன்க்கா. உங்க பையிலேருந்து கேக்காம நானே எடுத்துட்டேன்னு சொல்லிடுறேன். நீங்க கவலைப்படாதீங்க'ங்குறா. குரல்ல கோபம் ஒரு பொட்டு இல்ல.

இதுலயும் அவதான் பெரிய மனுஷி. பத்து வருஷத்துல ஒரு தடவை வர்ற சிங்கத்தை எம்புருஷன் படத்துக்காக விட்டுட்டு உக்காந்திருக்கா. என்னால அப்படி விட முடியுமா, ஒரு புளிசாதத்தைக்கூட அவளுக்கு மனசார விட முடியல. அவ சொன்னா என்ன நடக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். 'பரவாயில்ல விடும்மா, தெரியாமத்தானே'ம்பாரு. டீ குடிக்கும்போது எடுத்தெறிஞ்சு பேசுனதுக்கு இவரே மன்னிப்புக் கேப்பாரு. திருச்சிக்கு வந்து ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஒவ்வொரு சிவிங்கியாத் தோண்டி எடுப்பாங்க, ஒவ்வொண்ணு வர்றப்பவும் அவ கையைப் பிடிச்சுக் குலுக்குவாரு, நான் காபி போட்டுக்கிட்டு நிப்பேன். அப்புறம் காலம் பூரா அவ என்னைப் பாத்துச் சிரிப்பா, நல்ல சிரிப்பாவே சிரிப்பா, நான் தலையைக் குனிஞ்சுக்கணும். என் மூட்டையைக் குடுத்தாச்சு, சோத்தைக் குடுத்தாச்சு, நான் பாத்த சிவிங்கியையும் குடுத்தாச்சு. என் தப்பு ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம். அதையும் அவளுக்குத் தூக்கிக் குடுக்க மாட்டேன்.

'ஏங்க'ன்னேன். 'ஷ்ஷ், சிங்கம்'ங்குறாரு. 'ஏங்க, இங்க திரும்புங்க'ன்னு அவர் தோளைப் பிடிச்சு இழுத்தேன், கேமராவுல கண்ணு இருக்கும்போது தொடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காரு, இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் தொட்டேன். வினோதினி, 'அக்கா வேண்டாம்'னா. அவ கேமராவை அவர் கையில வச்சேன். கண்ணாடியை நெத்திக்கு ஏத்திக்கிட்டுப் பாத்தாரு, எல்லாப் படத்துக்கும் பண்றதைத்தான் பண்ணாரு, மொதல்ல படத்துல இருக்குற கண்ணைப் பெருசாக்குனாரு. 'கண்ணு ஷார்ப்பா இருக்கே. நல்லாருக்கே. யாரு எடுத்தது'ன்னாரு. நல்லாருக்கேங்குறாரு. அதைக் கொஞ்சம் வச்சுக்கலாமான்னு ஒரு ஆசை வந்துச்சு, ஒரே ஒரு நிமிஷம். 'கண்ணை விடுங்க. மடியைப் பாருங்க. இடது பக்கம் பாருங்க'ன்னேன். படத்தை மெதுவாக் கீழ நகத்துறாரு. என் தாடை போச்சு, தாலி போச்சு, முந்தானை போச்சு, பை வந்துச்சு. ஒண்ணு, ரெண்டு. மூணாவது அறையில வந்து நிக்குறாரு. வலது பக்கம் நகத்தி ரெண்டையும் பாக்குறாரு, மறுபடி மூணாவதுக்கு வராரு. கை தானா போயி சட்டைப் பை பட்டனைத் தொடுது. சிங்கம் ரெண்டும் ஜீப்பை ஒட்டிக்கிட்டே போகுதுங்க, கையை நீட்டினா பிடரி தட்டும், ஒண்ணோட மூச்சு எனக்கே கேக்குது. இவரு அதுங்க பக்கம் பாக்கல. கேமராவைக் கீழ இறக்கிட்டு, முழுசாத் திரும்பி, என்னைப் பாக்குறாரு.